சேகர் பெயரில் என் நெஞ்சு

என் தங்கை கணவன் சேகருக்குப் பதிலாக எக்ஸ்ரே எடுக்க நின்றவன் நான்தான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. படத்தின் மூலையில் அவன் பெயர், படத்தில் இருந்தது என் நெஞ்சு.

நெய்வேலிச் சுரங்கத்தில் இருவரும் ஒரே கான்ட்ராக்டரிடம் வேலை. மெடிக்கல் தேறினால்தான் கேட் பாஸ் புதுப்பிப்பார்கள். சேகருக்கோ ஆறு மாதமாக இருமல், இடப்பக்கம் வலி, விட்டு விட்டுக் காய்ச்சல். கன்வேயர் படிக்கட்டில் பாதியில் உட்கார்ந்துவிடுவான்.

அவன் கேட்டானா? இல்லை! நானாகத்தான் மார்தட்டிக்கொண்டு போனேன். கபடி ஆடிய உடம்பு என்னுடையது.

"வேணாம் மச்சான். இன்னான்னுதான் பாத்துடலாமே" என்றான் சேகர்.

"பாத்து இன்னா பண்ணப் போற மாப்ள? பாஸ் போச்சுன்னா வூட்ல குந்திக்கினு இருப்பியா? நான் நின்னுக்கறேன்."

எக்ஸ்ரே அறை ஊழியர் சேகர் பெயரைக் கூப்பிட்டார். முகக்கவசத்தோடு நான் கை தூக்கினேன், அவ்வளவுதான். அன்றே என் பெயருக்கும் இன்னொரு முறை நின்றேன். கூச்சமே இல்லை எனக்கு...

எட்டு மாதம் கழித்து, வேலை நேரத்தில் சேகர் மூச்சு முட்டி விழுந்தான். கடலூரில் தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்த்தோம். ஸ்கேனில் இடது நுரையீரலின் கீழ்ப்பாகத்தில் பெரிய நீர்க்கட்டி, சீழ் பிடித்திருந்தது. விலாவில் குழாய் போட்டு மயக்கத்தில் வைத்திருந்தார்கள்.

டாக்டர் பழைய படம் கேட்டார். என் தங்கை செல்வி ஓடிப்போய்ப் பீரோவிலிருந்து அந்தக் கவரை எடுத்து வந்தாள். விவரம் தெரியாதவள்... மெடிக்கல் விஷயத்தை அவளிடம் நாங்கள் சொல்லவில்லை.

டாக்டர் படத்தை விளக்கில் பிடித்தார். எனக்கு என் விலா எலும்பு தெரிந்தது. கபடியில் முறிந்து கோணலாய்க் கூடிய எலும்பு. அவர் கட்டியைத்தான் தேடினார், எலும்பைப் பார்க்கவில்லை.

"எட்டு மாசத்துக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லைங்க. இவ்வளவு வேகமா வளர்ந்திருக்குன்னா சாதாரணக் கட்டின்னு நம்ப முடியாது. கட்டியை மட்டும் எடுத்தா போதாது, அந்தப் பாகத்தையே எடுத்துடலாம்."

அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். 'அது என் படம்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? எதற்கும் அஞ்சாதவன் என்று பெயரெடுத்தவன் நான். ஆனால் சொன்னால் என் பாஸும் போகும் என்ற கணக்குத்தான் முதலில் ஓடியது. செல்வி கையெழுத்துப் போட நான்தான் பேனா கொடுத்தேன்.

பாகத்தை எடுத்தார்கள். ஆய்வு முடிவு வந்தது: பல வருடமாக இருந்த சாதாரண நீர்க்கட்டி. டாக்டரே குழம்பிப்போனார். கட்டியை மட்டும் எடுத்திருக்கலாமோ என்னவோ... உறுதியாக யாரால் சொல்ல முடியும்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் யோசித்திருப்பார். அதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

சேகர் பிழைத்துக்கொண்டான். மூச்சுப் பயிற்சிக்கு மூன்று உருண்டை வைத்த கருவி கொடுத்தார்கள். அவன் இழுத்தால் ஒன்று எழும்பும். நான் இழுத்தால் மூன்றும் மேலே போய் நிற்கும். சுரங்க வேலை அவனுக்கு முடிந்துபோனது, எனக்கு இன்றும் ஷிப்டு உண்டு.

நெய்வேலியை ஒட்டிய வடக்குத்து கிராமத்தில் அவர்கள் வீட்டுக்கு யார் நலம் விசாரிக்க வந்தாலும், செல்வி அந்தப் படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கிறாள்.

"எப்புடி இருந்த நெஞ்சு பாருங்க. அண்ணே, நீயே சொல்லு, ஒரு புள்ளி இருக்குதா?"

"இல்லம்மா" என்கிறேன். குரல் நடுங்குவதில்லை.

கட்டிலில் கிடக்கும் சேகர் படத்தைப் பார்ப்பதில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.