டிக்ஷனரியில் இல்லாத ஓரகத்தி

இஞ்சியைத் தட்டிப் போட்டு, கொதி வந்ததும் இறக்கி, எலுமிச்சம்பழம் பிழிந்தால் ஒரு வாசனை வரும் பாருங்கள்... பால் இல்லாத அந்த டீயின் வாசனைதான் எனக்குத் தொண்ணூறுகளின் வாசனை.

அப்போது செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் மாமனார் வீடு. மாடியில் மூன்று ரூம். டிசம்பர் பிறந்துவிட்டால் மூன்றிலும் வெளிநாட்டுக்காரர்கள் வாடகைக்கு இருப்பார்கள். காலையில் அவர்களுக்கு டீ போட்டு மாடிக்குக் கொண்டுபோவது மூத்த மருமகளான என் வேலை.

நான் கீழ்பென்னாத்தூரில் தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ முடித்தவள். "ஹாட் வாட்டர் கமிங்", "கரன்ட் கோயிங்", "மங்க்கி... டோர் குளோஸ்". என் இங்கிலீஷ் இவ்வளவுதான். ஆனால் அந்த வீட்டில் அதைப் பேசவும் வேறு ஆள் கிடையாது. வெள்ளைக்காரர் யாராவது வாசலில் வந்து நின்றால் மாமியார் என்னைத்தான் கூப்பிடுவார். அந்தக் கெத்தே தனி.

கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆனது. அதில் மண் விழுந்தது.

வேலூரில் கான்வென்ட்டில் படித்த ரேவதி சின்ன மருமகளாக வந்தாள். வந்த கொஞ்ச நாளிலேயே டீ போடுவது நான், கொண்டுபோவது அவள் என்று ஆகிவிட்டது. யாரும் சொல்லி ஆகவில்லை, தானாக ஆனது. அதுதான் இன்னும் எரிச்சல்.

கீழே நான் அடுப்பு முன்னால் நிற்பேன். மேலே அவள் பேச, அவர்கள் சிரிக்க... அப்படி என்னதான் பேசுவாளோ. மாமனார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "சின்ன மருமவ இங்கிலீஷ்ல வெளுத்து வாங்கறா" என்பார். எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரியும். பொறாமைதான். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

அந்த வருஷம் ஜூடித் என்று ஒரு இங்கிலாந்து அம்மா வந்து தங்கினார். ரிட்டயர்ட் டீச்சர். ஒரு பௌர்ணமி அன்று கிரிவலத்துக்கு வந்த சொந்தக்காரர்களால் வீடு நிறைந்திருந்தது. காலை டிபன் நேரம். டீத் தட்டு ரேவதி கையில், இட்லித் தட்டு என் கையில்... இரண்டு பேருமாக மாடி ஏறினோம்.

ஜூடித் என்னைக் காட்டி என்னவோ கேட்டார். புரியாவிட்டால் சிரித்துவிடுவது என் வழக்கம். சிரித்தேன். ரேவதி சிரிக்கவில்லை. வெடுக்கென்று, "நோ நோ, ஷி இஸ் மை கோ-சிஸ்டர்" என்றாள்.

அந்த அம்மா புருவத்தைச் சுருக்கினார். "கோ-சிஸ்டர்? நோ சச் வேர்ட் இன் இங்கிலீஷ்."

இது எனக்குப் புரிந்தது. நன்றாகவே புரிந்தது. அப்படி ஒரு வார்த்தையே கிடையாதாம். சொன்னது யார்? இங்கிலாந்து டீச்சர். கான்வென்ட்டுக்கு விழுந்தது பார் அடி என்று, கால் தரையில் படாமல் இறங்கி வந்தேன்.

என் வீட்டுக்காரர் ஏதோ பரீட்சைக்கு வாங்கி வைத்திருந்த டிக்ஷனரியைப் புரட்டினேன். கோ-ஆபரேட்டிவ் இருந்தது, சொசைட்டியில் சர்க்கரை வாங்குகிறோமே, அந்தக் கோ-ஆபரேட்டிவ். கோ-சிஸ்டர் இல்லை. நேராக மாமியாரிடம் போனேன்.

"அத்தை, உங்க சின்ன மருமவ தப்புத் தப்பா இங்கிலீஷ் பேசறா. அந்தம்மாவே சொல்லிட்டாங்க. புக்குலயும் இல்ல."

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிரக்கூட இல்லை. "அப்ப நாளைலேர்ந்து நீ போய்ப் பேசு."

மத்தியானம் ரேவதி தானாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். விடுவேனா?

"ஏம்மா, அந்த வார்த்தைக்கு என்னா அர்த்தம்? அப்டி ஒண்ணு இல்லவே இல்லயாமே."

"ஓரகத்தினு அர்த்தம்க்கா. எங்க டீச்சருங்க எல்லாம் அப்டிதான் சொல்வாங்க. அவங்க ஊர்ல இல்லனா போவட்டும்."

"சிஸ்டர்-இன்-லானு சொல்லிட்டுப் போவ வேண்டியதுதான?" இந்த ஒன்று எனக்கும் தெரியும்.

"நாத்தனாரும் சிஸ்டர்-இன்-லாதான், அண்ணியும் அதான், தம்பி பொண்டாட்டியும் அதான். நீங்க எனக்கு யாருன்னு அதுல எங்கக்கா தெரியுது? வேற வேற வீட்லேர்ந்து வந்து, ஒரே வீட்ல ஒரே மாமியார்கிட்ட திட்டு வாங்கறவங்க நாங்கன்னு சொன்னேன். அப்பதான் அந்தம்மாவுக்கு வெளங்குச்சு."

பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"உங்கள சமையக்காரம்மாவானு கேட்டாங்கக்கா. அதான் எனக்குக் கோவம் வந்துட்டுது."

அதற்கா சிரித்துக்கொண்டு நின்றேன்... முகமெல்லாம் சுட்டது.

மறுநாள் காலை டீத் தட்டை என் கையில் கொடுத்து, "இன்னிக்கு நீங்க போங்கக்கா" என்றாள். என்னைப் பார்த்ததும் ஜூடித் எழுந்து நின்று, "குட் மார்னிங், கோ-சிஸ்டர்" என்றார். இந்த ரேவதி எவ்வளவு பாடம் நடத்தியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்காதீர்கள். ஜாஸ்திதான் ஆனது. அழகு இருக்கிறது, படிப்பு இருக்கிறது, இங்கிலீஷ் இருக்கிறது... இதோடு நல்லவளாகவும் இருந்து தொலைத்தால் ஒரு மனுஷி என்னதான் செய்வாள்? திட்டுவதற்குக்கூட வழியில்லை.

கொழுந்தனும் ரேவதியும் பெங்களூர் போய்ப் பல வருஷம் ஆகிறது. மாடி ரூமிலெல்லாம் இப்போது ஏசி. ரூம் புக்கிங் போனிலேயே நடக்கிறது. ரூமுக்கு ஒரு கெட்டில் வைத்திருக்கிறோம், வருகிறவர்களே டீ போட்டுக்கொள்கிறார்கள். யாரும் தட்டு தூக்கிக்கொண்டு ஏறுவதில்லை.

போன வாரம் ஃபேஸ்புக்கில் ரேவதி ஒரு போட்டோ போட்டிருந்தாள். கூட நிற்பது எதிர் ஃபிளாட்காரியாம். இரண்டு பேரும் ஒரே கலரில் பட்டுப்புடவை, தோள்மேல் கை. கூடப் பிறக்காத சிஸ்டர் என்று இங்கிலீஷில் எழுதி, இரண்டு இதயம் வேறு.

என் மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னுமாம்மா சித்தி மேல பொறாமை?" என்று சிரிக்கிறாள்.

சித்தி மேல் யாருக்கடி பொறாமை? பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாளே, அவளைப் பார்த்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சிஸ்டராம்... ஊரே லைக் போட்டிருக்கிறது. நான் போடவில்லை.