ஊட்டித் துரை வீட்டு விளக்கு

போன வருடம் என் மாமனாரும் மாமியாரும் ஊத்துக்குளி வீட்டைக் காலி செய்துவிட்டு, திருப்பூரில் எங்கள் தெருவிலேயே ஒரு சின்ன வீட்டுக்குக் குடிவந்தபோது நடந்தது இது.

சின்ன வீட்டில் எல்லாச் சாமானுக்கும் இடமில்லை. அண்டா, கட்டில், பீரோ எல்லாவற்றையும் என் மனைவியும் அவள் அக்காவும் சண்டையே இல்லாமல் பிரித்துக்கொண்டார்கள். ஒன்றே ஒன்றில்தான் சிக்கல். பித்தளையில் ஐந்து கிளைகளோடு, கிளைக்கு ஒரு மெழுகுவர்த்தி வைக்கிற மாதிரி ஓர் அலங்கார விளக்கு. கல்யாணமான புதிதில் மாமனார் ஊட்டியில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களா ஏலத்தில் எடுத்தது என்பது குடும்ப வரலாறு. வீட்டுக்கு யார் வந்தாலும் காபிக்கு முன்னால் மாமியார் அந்தக் கதையைத்தான் பரிமாறுவார்.

"வருசா வருசம் புளி போட்டு வெளக்குனது நானுங்க" என்றாள் என் மனைவி.

"மொதல்ல கேட்டது நானுங்க" என்றார் அக்கா.

எங்கள் பக்கம் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். அக்கா தங்கைக்கே 'ங்க' போட்டால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் அந்த 'ங்க'வும் நின்றுபோனது. என் மகளின் பிறந்தநாளுக்கு அக்கா வரவில்லை. மாமியார் சரியாகச் சாப்பிடுவதையே விட்டுவிட்டார்.

நான் அயர்னிங் யூனிட் நடத்துகிறவன். பனியனில் ஊசி முனை அளவு எண்ணெய்க் கறை இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. அந்தத் தைரியத்தில் மொபைலில் நாலைந்து வீடியோ பார்த்துவிட்டு, டார்ச் அடித்து விளக்கின் அடிப்பாகத்தை ஆராய்ந்தேன். பழைய அழுக்குக்கு நடுவே ஆங்கில 'V' ஒன்று தெரிந்தது.

"விக்டோரியா மகாராணி!" என்று கத்திவிட்டேன். அதோடு சண்டை இரண்டு மடங்கானது.

கடைசியில், கோயமுத்தூரில் பழம்பொருள்களை மதிப்பிடும் ஒரு அம்மாவிடம் காட்டலாம், ஒருத்தர் விளக்கையும் இன்னொருத்தர் அதற்கு ஈடாக மாமியாரின் நகையையும் எடுத்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்புச் சொன்னேன். மாமனார் மட்டும், "எதுக்குங்க மாப்பிள்ளை, இருக்கறது அப்படியே இருக்கட்டுமுங்க" என்றார். பெரிய மனிதரின் தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

காரில் மாமனார் என் பக்கத்தில் முன் சீட்டில் ஏறினார். வேஸ்ட் பனியன் துணி சுற்றிய விளக்கைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு மாமியார் பின் சீட்டின் நடுவில் உட்கார, மகள்கள் இருவரும் ஆளுக்கு ஒரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

அந்த அம்மா விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல எப்பவாச்சும் மெழுகுவர்த்தி ஏத்தியிருக்கீங்களா?"

"ஐயோ, கறையாயிடுமுன்னு ஏத்தவே இல்லீங்க" என்றார் மாமியார் பெருமையாக.

"நல்லதாப் போச்சு. ஏத்தியிருந்தா மெழுகு உள்ள எறங்கியிருக்கும். ஒவ்வொரு கிண்ணத்து நடுவுலயும் ஓட்டை இருக்குது பாருங்க. கிளைக்குள்ள வயர் ஓடறதுக்கு. இது பல்பு மாட்டறதுக்குச் செஞ்சதுங்க."

நான் விடவில்லை. "மேடம், அடியில விக்டோரியா முத்திரை இருக்குதுங்க."

அவர் பஞ்சில் எண்ணெய் தொட்டுத் தேய்த்தார். V-க்குப் பின்னால், பாத்திரத்தில் பேர் வெட்டுகிற மாதிரி புள்ளிப் புள்ளியாக எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அவற்றை அவர் சிரிக்காமல் படித்தது அவருடைய பெருந்தன்மை.

"V மேடை அலங்காரம். வாடகைக்கு மட்டும்."

எல்லோரும் மாமனாரைப் பார்த்தோம். ஏசி அறையில் அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

"திருட்டுப் பொருள் இல்லீங்க! கடையை மூடறப்ப வித்தாங்க" என்று முதலில் அதைத்தான் சொன்னார். பிறகு மெதுவாக மிச்சத்தையும் சொன்னார். புது மனைவியை ஊட்டிக்குக் கூட்டிப் போவதாக வாக்குக் கொடுத்துவிட்டு, பனியன் கம்பெனிக் கூட்டாளிகளோடு போய் வந்திருக்கிறார். வெறுங்கையோடு வீட்டுக்குப் போகப் பயந்து, திருப்பூரில் இறங்கிய பிறகு வாங்கியதுதான் இந்த விளக்கு. "ஊட்டித் தொரை பங்களா ஏலத்துல எடுத்ததுன்னு நான் ஒரு வார்த்தைதான் சொன்னேன். மறுநாளே உங்க அத்தை ஊரெல்லாம் சொல்லிட்டாங்க. அப்புறம் எப்படிங்க மாத்தறது?"

திரும்பும்போது விளக்கு டிக்கியில் கிடந்தது. கண்ணாடியில் மாமியாரின் முகத்தை அடிக்கடி பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

திடீரென்று என் மனைவி, "அக்கா, அதை நீங்களே எடுத்துக்கங்க" என்றாள்.

"எனக்கெதுக்கு கண்ணு? விக்டோரியாவக் கண்டுபுடிச்சது உன்ற ஊட்டுக்காரர்தான? உங்க ஊட்லயே இருக்கட்டும்."

'கண்ணு' என்று காதில் விழுந்ததும் என் மனைவி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரித்தபடியே அழவும் செய்தாள். அக்காவும் சேர்ந்துகொண்டார்.

மாமியார் மட்டும் முன் சீட்டில் இருந்த மாமனாரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப, ஊட்டிக்கு எப்பங்க கூட்டிட்டுப் போறீங்க?"

"நாளைக்கே போலாமுங்க" என்றார் மாமனார், தலையைத் திருப்பாமல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் போனோம். இப்போதெல்லாம் ஏதாவது ஒரு பொருளை விட மாட்டேன் என்று மனசு அடம்பிடித்தால், இது காலணாவுக்கும் பெறாது என்று யாராவது சொன்னாலும் இது எனக்கு வேண்டியிருக்குமா என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.