ஒற்றை சீட் வண்டிக்குப் பூஜை

பழைய டூரிங் பைக்கைக் கொடுத்துவிட்டு, ஆசைப்பட்ட குரூசரை இன்று எடுத்துவிட்டேன். தாழ்ந்த சீட், அகலமான ஹேண்டில்பார். பெரம்பலூரில் வேறு யாரிடமும் இப்படி ஒன்று இல்லை.

ஷோரூமிலிருந்து நேராகப் பாடாலூர் கோயிலுக்குப் போனேன். மனைவி பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு குருக்கள் சொன்னார்:

"அம்மாவப் பின்னாடி உக்கார வச்சு கோயில ஒரு சுத்து சுத்திட்டு வாங்க சார்."

அப்போதுதான் அவள் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

"நான் எங்கங்க உக்கார்றது?"

"இது ஒத்த சீட்டு வண்டிம்மா. அதான் ஸ்டைலே."

அவள் தேங்காய் மூடியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

புது வண்டி என்று நான் மெதுவாகத்தான் வந்தேன். வழியில் அந்த பஸ் என்னைத் தாண்டியது. ஜன்னலோரத்திலிருந்து கையசைத்தாள்.

வீட்டு வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றாள். வண்டிக்குப் பொட்டு வைத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"வண்டி நல்லாத்தாங்க இருக்கு. சாவியக் குடுங்க. ஞாயித்துக்கிழம எங்கம்மா வூட்டுக்கு நான் இதுல போறேன். நீங்க பஸ்ல வந்துருங்க."

கொடுத்துவிட்டேன். நன்றாகவே ஓட்டுவாள்.

பின் சீட் மாட்டித் தருகிறவர் அரியலூர், பெரம்பலூர் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள்.