ஏலக்காரரின் நாக்கு

நர்ஸ் பீ-யுன் கையில் ஊசி பிடித்து வெகுகாலம் ஆகிறது. இப்போது அவளுடைய ஆயுதங்கள் ஒரு தொலைபேசியும் ஒரு பழைய ஸ்கூட்டரும்தான். புற்றுநோய் என்று கேட்டதும் எழுந்து போய்விடுகிறவர்களைத் தேடிப் பிடித்து, சிகிச்சை முடியும்வரை கூடவே இருக்க வேண்டும். அதற்கென்றே தெற்குத் தைவானின் அந்தத் துறைமுக ஊர் மருத்துவமனை அவளை நியமித்திருந்தது. ஆள்பிடிக்கிற வேலை என்று மற்ற நர்ஸுகள் கேலி செய்தார்கள். அவள் மறுக்கவில்லை. பிடிவாதம் அவளுக்குப் பிறவிக் குணம். அதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள் என்றால் கசக்குமா?

ஹுங்கையும் அப்படித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. அவர் மீன் ஏலம் விடுகிறவர். விடிகாலையில் சூரை மீன்கள் வரிசையாகக் கிடக்க, அவர் குரல் எழுந்தால் கரையே கட்டுண்டு நிற்கும். வாயில் எந்நேரமும் பாக்கு. நாக்கின் ஓரத்தில் வந்த புண் ஆறவே இல்லை. மருத்துவர் புற்று என்றார். பாதி நாக்கை எடுக்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார். ஹுங் மரியாதையாகத் தலையாட்டி, ஏழாம் மாதம் கழியட்டும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

சீன நாட்காட்டியில் ஏழாம் மாதம் பேய்களுக்கு உரியது. யாரும் கல்யாணம் பேச மாட்டார்கள், வீடு மாற மாட்டார்கள், உடம்பில் கத்தி பட விடமாட்டார்கள். மருத்துவர் எரிச்சலில் மூடநம்பிக்கை என்றார். பீ-யுனால் அப்படிச் சொல்ல முடியாது. அந்த மாதம் பிறந்துவிட்டால் பேய் ஒட்டிக்கொள்ளும் என்று அந்தி சாய்ந்தபின் அவளே கொடியில் துணி போட மாட்டாள். ஆனால் மாதம் கழியட்டும் என்று போனவர்களில் சிலர் கழுத்தில் கட்டியோடு திரும்பி வந்ததையும் அவள் பார்த்திருக்கிறாள்.

மறுநாள் ஏலம் முடிகிற நேரத்துக்குத் துறைமுகத்தில் போய் நின்றாள். ஹுங் அவளைப் பார்த்தும் பாராததுபோல் ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் நழுவப் பார்த்தார். அங்கேயே மீன் வெட்டிக் கொடுக்கும் அவர் மனைவி லி-சூ, சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். சாமி சொன்னால் நாளைக்கே ஆபரேஷனுக்குப் படுக்கிறேன், இல்லையென்றால் யார் சொன்னாலும் கிடையாது என்றார் ஹுங். சரி, இப்போதே போய்க் கேட்போம் என்று பீ-யுன் பக்கத்துக் கோயிலைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிட்டாள். அவர் பின்னாலேயே போக வேண்டியதாயிற்று.

ஹுங் ஊதுவத்தி ஏற்றினார். சாமியிடம் குறி கேட்கும் பிறை வடிவக் கட்டைகள் இரண்டையும் நெற்றிக்கு நேரே பிடித்து, இந்த மாதமே அறுக்கலாமா என்று கேட்டுத் தரையில் போட்டார். ஒன்று நிமிர்ந்து ஒன்று கவிழ்ந்தால் சம்மதம். இரண்டும் நிமிர்ந்து கிடந்தன. சாமி சிரிக்கிறது, கேள்வி சரியில்லை என்று அர்த்தம். மறுபடி போட்டார். மறுபடியும் சிரிப்பு.

"நீங்க கேக்க வந்தது இது இல்லண்ணே," என்றாள் பீ-யுன். "மனசுல இருக்கறதக் கேளுங்க."

ஹுங் மண்டியிட்டுக் கட்டைகளை மறுபடி எடுத்தார். பிறகு, அறுத்தபின் என் குரல் இருக்குமா என்று முணுமுணுத்தார். கட்டைகளைப் போடக் கை எழவில்லை. அவற்றை அவளிடம் நீட்டினார்.

"சாமிகிட்ட கேக்க பயமா இருக்கு. நீயே சொல்லு தங்கச்சி."

இருக்கும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், காரியம் முடிந்துவிடும். பீ-யுன் கட்டைகளை வாங்கிக்கொள்ளாமல் அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"ஏலம் விடற குரல் இருக்காதுண்ணே. பசிக்குது, வலிக்குது, இந்த மீன் கெட்டுப்போச்சுன்னு சொல்ற குரல் வரும். லேசுல வராது. வர்ற வரைக்கும் நான் உங்கள விடமாட்டேன்."

ஹுங் கட்டைகளை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தார். சாமி இன்னும் சம்மதம் தரவில்லையே என்று லி-சூ தயங்கினாள். சிரிக்கிற சாமி கோபமாகவா இருக்கும் என்று கேட்டுவிட்டு, ஹுங் ஆஸ்பத்திரிக்குத் துணிமணி எடுத்து வைக்கச் சொன்னார்.

அந்த மாதத்தில் அறுவை வார்டில் படுக்கைக்குப் பஞ்சமே இல்லை. தொடையிலிருந்து சதை எடுத்து நாக்காக வைத்துத் தைத்தார்கள். ஹுங் பிழைத்து வீடு வந்தார். மீன் கஞ்சியை இருமாமல் விழுங்க பீ-யுன் பழக்கினாள். விழுங்கினார். ஆனால் பேச்சு, சுடுசோற்றை வாயில் அடக்கிக்கொண்டு பேசுவதுபோல் வந்தது.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். லி-சூவும் ஆட்டினாள். ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை என்பது ஹுங்குக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. பேச்சை நிறுத்திவிட்டு விரலால் காட்டத் தொடங்கினார்.

பீ-யுன் மட்டும் வாரம் தவறாமல் வந்து எதிரே உட்கார்ந்தாள். அவரை வம்படியாகப் பேச வைத்து, புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்பாள். சொல்வார். மறுபடியும் புரியவில்லை என்பாள். லி-சூவுக்குப் பொறுக்கவில்லை. நொந்து கிடக்கிற மனுஷனை எதற்கு இப்படி வதைக்கிறாய் என்று ஒருநாள் வாசலில் நிறுத்திக் கேட்டேவிட்டாள்.

"நாம தலையாட்ட ஆட்டத்தான் அண்ணி அவர் வாய மூடிக்கறாரு," என்றாள் பீ-யுன்.

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கும் உள்ளூர உதறல்தான். வராத குரலை வரும் என்று சொல்லித்தான் அந்த மனுஷரைக் கத்திக்கு அனுப்பினோமோ என்று ஸ்கூட்டரில் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வாள். ஆனாலும் அடுத்த வாரமும் போனாள்.

அன்று மதியம் ஹுங் ஏதோ சொன்னார். புரியவில்லை என்றாள். மறுபடி சொன்னார். உதட்டைப் பிதுக்கினாள். அவர் முகம் சிவந்தது. மேசையை ஓங்கித் தட்டி, மூச்சைப் பிடித்து, ஒவ்வொரு சொல்லாக வெட்டி வெட்டிப் போட்டார்.

"எனக்கு... நாக்குதான்... போச்சு. உனக்கு... காதுமா போச்சு?"

பீ-யுனுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு மீன் அரிந்துகொண்டிருந்த லி-சூ, கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ஈரக் கையோடு கணவர் முன்னால் வந்து நின்றாள்.

"எனக்கும் புரிஞ்சுது," என்றாள். "இருந்தாலும் இன்னொரு தடவை சொல்லுங்க."