கொரியாவுக்குக் கீழே படுத்துக் கிடந்த ஜப்பான்

போர்ட் கிள்ளானில் ஒட்டுப்பலகை ஏற்றுமதி செய்யும் ஓர் அலுவலகத்தில் நான் கப்பல் பத்திரங்களைத் தயாரிக்கும் வேலை பார்க்கிறேன். ஒரு திங்கட்கிழமை முதலாளி என் மேசைக்கு வந்தார்.

"ஜப்பானும் கொரியாவும் வருஷா வருஷம் எவ்வளவு மதிப்புக்கு பிளைவுட் இறக்குமதி பண்ணியிருக்குன்னு ஒரே படத்துல போட்டுக் குடுமா. வியாழக்கிழமை பார்ட்னருங்கள பிரிக்பீல்ட்ஸ்ல பார்க்கப் போறேன்."

இணையத்தில் இரண்டு நாட்டு அட்டவணைகளையும் எடுத்துக் கோடு போட்டேன். கொரியாவின் கோடு மலைமலையாக ஏறி இறங்கியது. ஜப்பானின் கோடு அடியில் அசையாமல் படுத்துக் கிடந்தது. எனக்குப் பாவமாகக்கூட இருந்தது. அங்கே இப்போது யாரும் வீடே கட்டுவதில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

புதுச் சந்தை கிடைத்த உற்சாகத்தில் முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. "ஜப்பான் முடிஞ்சது லா! இனிமே நமக்குக் கொரியாதான்."

வியாழக்கிழமை காலை, கிடங்கு மேற்பார்வை பார்க்கும் அக்கா கையெழுத்துப் போட வந்தார். தினமும் காப்பாரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருபவர். மேசையில் கிடந்த படத்தை எடுத்துப் பார்த்தார்.

"ஜப்பான் இவ்வளவு கம்மியா? நான் ஏத்துற கண்டெய்னர்ல முக்காவாசி அங்கதானே போகுது?"

"அது நம்ம கம்பெனி சரக்கு அக்கா. இது நாட்டுக் கணக்கு," என்றேன், கொஞ்சம் பெருமையோடு.

"பக்கத்து கிடங்குக்காரங்களும் அங்கதான் அனுப்புறாங்க. எல்லாரும் அனுப்புறோம், அவங்க வாங்கவே இல்லையா?"

அட்டவணைகளை மறுபடியும் திறந்தேன். தலைப்புக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்தது: கொரியாவின் எண்கள் டாலரில், ஜப்பானின் எண்கள் ஆயிரம் டாலர் கணக்கில். ஒரு நாட்டையே ஆயிரம் மடங்கு சுருக்கியிருந்தேன்.

முதலாளி அதற்குள் மடிக்கணினியோடு கிளம்பிவிட்டார். போனை எடுக்கவில்லை. சரியான படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் பார்த்ததாகத் தெரியவில்லை. "நீ போ, இங்க நான் பாத்துக்கறேன்," என்றார் அக்கா. கமூட்டர் ரயிலைப் பிடித்தேன். கேஎல் சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸுக்கு வெயிலில் பாதி ஓட்டமும் பாதி நடையுமாகப் போனேன்.

அவர் எப்போதும் போகும் சாப்பாட்டுக் கடையில் முதலாளியும் இரண்டு பார்ட்னர்களும் வாழை இலைமுன் உட்கார்ந்திருந்தார்கள். மடிக்கணினி இன்னும் பைக்குள்ளேயே இருந்தது. அதைக் கண்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது. அவர் கை கழுவ எழுந்தபோது கூடவே போய் விஷயத்தைச் சொன்னேன். ஈரக் கையோடு அப்படியே நின்றார்.

"கொரியாவுக்கு டிக்கெட் எடுத்துட்டேனே மா!"

"மன்னிச்சிருங்க பாஸ்."

பிறகு குழாயைக்கூட மூடாமல் சிரிக்க ஆரம்பித்தார். "நல்லவேளை, இவங்க சோறுதான் முதல்லன்னு சொல்லிட்டாங்க. வா, நீயும் உட்காரு."

சாப்பிட்டு முடித்ததும் நானே என் போனில் சரியான படத்தைக் காட்டினேன். இப்போது ஜப்பான் மேலே, கொரியா கீழே. சில வருடங்களில் இரண்டு கோடுகளும் சேர்ந்தே சரிந்திருந்தன. அது ஏன் என்று ஒரு பார்ட்னர் கேட்க, கப்பல் வாடகை, மர விலை என்று மூவரும் பேசத் தொடங்கி, கடைக்காரர் மேசையைத் துடைக்க இரண்டு முறை வந்து போகும்வரை நிறுத்தவில்லை.

டிக்கெட்டை ரத்து செய்ய முடியவில்லை. முதலாளி சியோலுக்குப் போய், சின்னதாக ஓர் ஆர்டரும் பெட்டி நிறைய வறுத்த கடற்பாசியும் கொண்டுவந்தார். அந்த வாரம் முழுக்க அலுவலகத்தில் அப்பளத்துக்குப் பதில் அதைத்தான் தொட்டுக்கொண்டோம்.