மோட்டார் பிடித்த சுருதி

பெரியம்மாவின் மகளான அக்கா, யாரையும் தொடவிடாத தன் கீபோர்டை எங்கள் வெள்ளவத்தை பிளாட்டில் வைத்துவிட்டுப் போனாள். கொட்டாஞ்சேனையில் அவர்கள் வீட்டுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாளே நான் அதன்மேல் சோடாவைக் கொட்டிவிட்டேன். துடைத்தேன், ஊதினேன், சாமிக்கு நேர்ந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை வந்த அக்கா கட்டைகளைத் தடவிப் பார்த்தாள். நான் கதவுப் பக்கம் நழுவினேன். அவளோ, "அஞ்சு கறுப்புக் கட்டையை மட்டும் வாசி. இதில தொடங்கினா மோகனம். வெள்ளையைத் தொடாத, பிழையே வராது" என்றாள். பிழைக்குப் பயந்தே பிறந்த எனக்கு அது வரம்.

ஆனால் மாலை ஐந்து மணியானால் மோகனம் மாறிவிடும். அதே ஐந்து கட்டைதான், பாட்டு மட்டும் வேறு வீட்டுப் பிள்ளைபோல நிற்கும். முடிகிற இடத்தில் முடியாது. அரை மணி நேரத்தில் தானாகச் சுகமாகிவிடும். சோடா பின்னேரங்களில்தான் வயருக்குள் இறங்குகிறது என்று முடிவுகட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை மழை. அக்கா பின்னேரம்வரை நின்றுவிட்டாள். சரியாக ஐந்துக்குக் கீபோர்டின் முன் உட்கார்ந்தாள்.

"அக்கா, வாசிக்காதேங்கோ! இது பழுதாகிற நேரம்! நான் சோடா ஊத்திட்டன்!" என்று ஓவென்று அழுதேன்.

அவள் வாசித்தாள். தலையைச் சரித்தாள். எழுந்து யன்னலைத் திறந்தாள். கீழே, மொட்டைமாடித் தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் 'ம்ம்ம்' என்றது.

"எடி விசரி, மோட்டார் 'ரி'யில நிண்டு முனகுது. காது அதைத்தான் 'ஸ' எண்டு பிடிக்குது. உன்ர மோகனம் மத்தியமாவதியாப் போச்சு!"

மோட்டார் நின்றதும், இடதுகை விரலால் அந்த 'ரி'யைக் கீழே அழுத்திப் பிடித்து என்னை வாசிக்கச் சொன்னாள். மத்தியமாவதி! விரலை 'க'வுக்கு மாற்றினாள். நான் அதே கட்டைகளை வாசிக்க இந்தோளம் வந்தது. விரல் நின்ற இடமெல்லாம் வீடானது. ஐந்து கட்டைக்குள் ஐந்து ராகம்! நான் துள்ளினேன். இருவரும் கீழே ஓடிக் காவல்காரரைக் கெஞ்சி மறுபடி மோட்டாரைப் போடவைத்தோம். தாங்கி நிரம்பி யன்னலுக்கு வெளியே அருவியாகக் கொட்டியது.

"ரெண்டுக்கும் விசரோ? நிப்பாட்டச் சொல்லுங்கோடி!" என்று அம்மா கத்தினார். நாங்கள் மத்தியமாவதியை நிறுத்தவில்லை.

சோடாவைப் பற்றி அக்கா ஒரு சொல்லும் சொல்லவில்லை. சிரிப்பில் மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

பள்ளிப் படிப்பை எட்டாம் வகுப்போடு விட்டாலும் கறுப்புக் கட்டைகளை நான் விடவில்லை. போன வருடம் அக்காவிடமிருந்து அந்தக் கீபோர்டு என் மகளுக்கு வந்தது. அவள் முதல் தொட்டது, அக்கா அன்று தொடாதே என்ற ஒரு வெள்ளைக் கட்டையை. அது ஒட்டிக்கொண்டு, எழும்பவேயில்லை.