பாதுகாப்பு வாரத்தில் பேசிய மெர்சி

மெர்சியின் அப்பனும் அம்மாவும் அன்னூர்ப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பண்ணையத்துக்கு இருந்தவர்கள். அந்தத் தோட்டத்தில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஏ புள்ளே' என்றால் திரும்பிப் பார்க்க வேண்டும். பாதிரியார் வைத்த பெயர் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்குள் மட்டும் புழங்கியது. பெயிண்டர் ஆல்வினைக் கட்டிக்கொண்டு சிங்காநல்லூருக்கு வந்து, பம்ப் மோட்டாருக்குத் தகடு வெட்டும் கம்பெனியில் சேர்ந்த முதல் நாள், சூப்பர்வைசர் கண்ணையா ஒரு பிரஸ்ஸைக் காட்டி, "மெர்சி, இதுதானுங்க உங்க மிசினு" என்றார். அந்த 'ங்க'வை அவள் ஆல்வினிடம் சாயங்காலம் ஒரு தரமும் சோறு போடும்போது ஒரு தரமும் சொன்னாள்.

வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. தலைக்கு மேல் தகரக் கூரை, பக்கத்தில் பேச்சுத் துணைக்குச் சாந்தாமணி. வலது கையால் தகட்டை அச்சுக்கு அடியில் வைத்து, காலால் பெடலை மிதித்தால் மேலிருந்து இரும்பு இறங்கி ஒரே வெட்டாக வெட்டும். எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த தகடு. கையும் காலும் ஒன்றுக்கொன்று பழகிவிட்டால் சினிமாக் கதை பேசிக்கொண்டே வெட்டலாம். கையும் காலும் ஒரு கணம் முரண்பட்டால் என்ன ஆகும் என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்தப் பகுதிப் பட்டறைகளில் விரல் குறைந்த கைகளைப் பார்ப்பது ஒன்றும் அதிசயமும் இல்லை.

தொண்ணூறாம் வருடம் தொழிற்சாலை ஆய்வாளராக ரங்கராஜ் வந்தார். பேச்சு குறைவு, கெடுபிடி அதிகம். கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கி, பிரஸ்ஸில் காலால் மிதிக்கும் பெடலே இருக்கக் கூடாது, இரண்டு பக்கமும் ஸ்விட்ச் வைத்து, இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் இரும்பு இறங்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். இரண்டு கையும் ஸ்விட்ச்சில் இருந்தால் அச்சுக்கு அடியில் மாட்ட ஒரு கையும் மிச்சமிராது. யோசனை நல்லதுதான். மெர்சியின் கம்பெனியிலும் மாட்டினார்கள்.

மாட்டிய வாரமே உற்பத்தி பாதியாகிவிட்டது. முதலாளி கத்தினார். மறுவாரம் கண்ணையா ஸ்பானரோடு வந்து ஸ்விட்ச்சுகளைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டுப் பெடலை மாட்டினார். ஆய்வாளரின் ஜீப் தெருவில் திரும்பினால் வாட்ச்மேன் பெல் அடிப்பான். அவரை ஆபீசில் உட்காரவைத்து இளநீர் வெட்டிக் கொடுத்துப் பேச்சுக் கொடுப்பார்கள். அவர் உள்ளே வருவதற்குள் ஸ்விட்ச்சுகள் மறுபடியும் மிசினில் இருக்கும். பெண்களும் இதற்கு எதிராக ஒன்றும் சொல்லவில்லை. பெடலில்தான் வேலை வேகமாக ஓடியது. வேகமாக ஓடினால்தான் நேரத்துக்கு வீடு போக முடிந்தது.

அடுத்த ஆடி மாதம் ஒரு மத்தியானம் மெர்சியின் கால் ஒரு கணம் முந்திக்கொண்டது. வலி தெரிவதற்கு முன்னால் சத்தம் கேட்டது. மற்ற தகடுகளுக்குக் கேட்கும் அதே சத்தம்தான். சாந்தாமணி தன் சேலை முந்தானையைக் கிழித்துக் கட்டி, இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி வரைக்கும் ஆட்டோவில் அந்தக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள். வலது கையில் கட்டை விரலும் சுண்டு விரலும் மிஞ்சின.

ரங்கராஜ் விசாரணைக்கு வருமுன்பே கண்ணையா ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கட்டில் மேல் வைத்தார். சீக்கிரம் வேலை முடிக்க வேண்டுமென்று ஒரு ஸ்விட்ச்சை அவளே துணியால் அமுக்கிக் கட்டி வைத்துவிட்டதாகச் சொல்லச் சொன்னார். அப்படிச் சொன்னால் கம்பெனி அவளைக் கைவிடாது, கேட்டில் உட்காரும் வேலை எப்போதும் உண்டு என்றார். இல்லாவிட்டால் முதலாளிக்குக் கோர்ட்டு, பெண்களுக்குக் கதவடைப்பு.

ஆல்வினுக்கு மழைக்காலத்தில் வேலை கிடையாது. வலது கை இல்லாத பெண்ணுக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? ரங்கராஜ் வந்து கேட்டபோது மெர்சி துணிக் கதையைச் சொன்னாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மிசினில் போய்ப் பார்த்தபோது ஸ்விட்ச் இருந்தது, துணியும் இருந்தது.

அந்தக் கதை அதோடு போயிருக்கலாம். ஆனால் அடுத்த மார்ச் மாதம் பாதுகாப்பு வாரம் வந்தது. அரசாங்கம் மண்டபம் பிடித்து, பேனர் கட்டி, பல கம்பெனித் தொழிலாளிகளையும் உட்காரவைத்துக் கூட்டம் நடத்தும். அடிபட்டவரே வந்து பேசினால் மனதில் பதியும் என்று மேலதிகாரி யாரோ சொல்ல, முதலாளி மெர்சியைச் சந்தோஷமாக அனுப்பிவைத்தார். "என் அவசரம்தான் என் விரலை எடுத்தது. நீங்களாவது கவனமாக இருங்கள்" என்று எழுதிக்கொடுத்ததை அவள் மனப்பாடம் செய்து ஒப்பித்தாள். கையைத் தூக்கிக் காட்டச் சொன்னார்கள், காட்டினாள். கை தட்டினார்கள். எவர்சில்வர் குடம் ஒன்று கொடுத்தார்கள்.

வருடா வருடம் கூப்பிட்டார்கள். சொல்லச் சொல்ல அவளுக்கே சில நாள் அந்தத் துணி கண்ணில் தெரிந்தது. நீலத் துணி. வீட்டில் மகள் கிருபா மேசை விளிம்பில் டம்ளரை வைத்தால், "அம்மா மாதிரி அவசரப்படாதே" என்று ஆல்வின் சொல்வான். அவனும் நம்பிவிட்டிருந்தான். மெர்சி அவனைத் திருத்தவில்லை. தோட்டத்துப் புள்ளையாக இருந்தபோதுகூட அவள் தன்னை அவ்வளவு கேவலமாக நினைத்ததில்லை.

தொண்ணூற்றைந்தில் நடந்த கூட்டத்தில் அவள் பேசி முடித்ததும், காரமடைப் பக்கத்து மில்லிலிருந்து வந்திருந்த ஒரு பெண் எழுந்து நின்றாள். குற்றம் கண்டுபிடிக்கிற குரல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"ஏனுங்கக்கா, ஒரு ஸ்விட்ச்சைக் கட்டிப்போட்டேன்னு சொன்னீங்களே, எந்தப் பக்கத்து ஸ்விட்ச்சுங்க?"

இத்தனை வருடத்தில் இதை யாரும் கேட்டதில்லை. கண்ணையாவும் சொல்லிக்கொடுக்கவில்லை. மெர்சி இடது பக்கம் என்று சொல்ல வாயெடுத்தாள். வலது கை அச்சுக்குள் இருந்தால் ஸ்விட்ச்சை அழுத்தியது எந்தக் கை என்று யோசித்தாள். இடதைக் கட்டியிருக்க முடியாது. கட்டினால் வலதைத்தான் கட்டியிருக்க வேண்டும். பொய்யைச் சரியாகச் சொல்லக்கூட அவள் இவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது.

"நான் எதையும் கட்டலைங்க" என்றாள். "அன்னைக்கு மிசின்ல ஸ்விட்ச்சே இல்லைங்க. கழட்டி வெச்சிருந்தாங்க. என்னைய மாத்திச் சொல்லச் சொன்னாங்க, சொல்லிப்போட்டேன்."

யாரும் கை தட்டவில்லை. முன்வரிசையில் இருந்த முதலாளி எழுந்து வெளியே போனார்.

ரங்கராஜ் அன்று அவளுக்காக வாசலில் காத்திருந்தார். நாலு வருடம் முன்னால் சொல்லியிருக்கலாமே என்று கேட்கவில்லை. மறுநாள் காலையில் பெல் அடிக்க நேரம் கொடுக்காமல் பின்வாசல் வழியாக உள்ளே நுழைந்தார். பெடல் போட்ட பிரஸ்கள் அத்தனையையும் சீல் வைத்தார், கோர்ட்டில் வழக்கும் போட்டார். மெர்சி கேட்டுக்குப் போனபோது அவள் உட்காரும் ஸ்டூலில் வேறொரு ஆள் இருந்தான். அவளும் லேபர் கோர்ட்டுக்குப் போனாள்; வாய்தா மேல் வாய்தாவாக அது தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. இருந்தாலும் அந்த மாதம் முழுக்க அவள் நன்றாகத் தூங்கினாள். ஆல்வினிடம் நடந்ததைச் சொன்னபோது அவன் வெகுநேரம் அவளுடைய அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

முதலாளி அபராதத்தைக் கட்டினார். சீல் எடுத்ததும் பிரஸ்களில் ஸ்விட்ச் மாட்டவில்லை. பிரஸ்களையே லாரியில் ஏற்றினார். சோமனூரைத் தாண்டி, தறி ஓடி நின்றுபோன கொட்டகைகளை மச்சினன்மார் பேரில் வாடகைக்குப் பிடித்து, கொட்டகைக்கு நாலைந்து பிரஸ்ஸாகப் பிரித்துப் போட்டார். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடம் சட்டத்தின் கண்ணில் தொழிற்சாலையே இல்லை. அங்கே இ.எஸ்.ஐ. கிடையாது, ஆய்வாளரும் வரமாட்டார். பழைய பெண்கள் விடியுமுன்பே எழுந்து பஸ் பிடித்து அங்கே போனார்கள். தண்ணீர்க் குழாயடியில் மெர்சியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவளால்தான் தங்களுக்கு இந்த அலைச்சல் என்பது அவர்கள் எண்ணம்.

சிங்காநல்லூர்க் கம்பெனியில் அப்புறம் மோட்டார் பூட்டும் வேலை மட்டும்தான். அதில் அடிபட ஒன்றுமில்லை. அடுத்த பாதுகாப்பு வாரத்தில், வருடம் முழுக்க விபத்தே நடக்காத நிறுவனம் என்று அதற்குக் கேடயம் கொடுத்தார்கள். ரங்கராஜுக்கு மேலே உள்ளவர்கள் கையெழுத்துப் போட்டது அது. மெர்சியை அந்த வருடம் யாரும் கூப்பிடவில்லை.

சித்திரையில் சாந்தாமணிக்கு இடது கையில் இரண்டு விரல் போயிற்று. மெர்சி நேராக ரங்கராஜின் ஆபீசுக்குப் போனாள். அவர் அவளை உட்காரச் சொல்லி, தான் எழுந்து நின்றார்.

"அந்தக் கொட்டகைக்குள்ள கால் வைக்க எனக்கு அதிகாரம் இல்லீங்கம்மா" என்றார். "மேல எழுதிப் பாத்தேன். பதிலே வரலைங்க."

அங்கிருந்து அவள் சாந்தாமணி வீட்டுக்குப் போனாள். கையோடு படுத்திருப்பாள், கூட இருந்து சோறாக்கிக் கொடுக்கலாம் என்ற நினைப்பு. வீடு பூட்டியிருந்தது. சோமனூருக்குப் பஸ் ஏறினாள். கொட்டகைக்குப் போகிற வழியிலேயே பிரஸ் ஓடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், கட்டுப் போட்ட இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, சாந்தாமணி வலது கையால் தகடு வைத்துக் காலால் மிதித்துக்கொண்டிருந்தாள். கண்ணையா மூலையில் நின்று பார்த்துவிட்டு, பார்க்காதவர் போலத் திரும்பிக்கொண்டார்.

மெர்சி உள்ளே போய், இதற்கு ஸ்விட்ச் மாட்டாமல் ஓட்டக் கூடாது என்று அவரிடம் சண்டைக்கு நின்றாள். கலெக்டருக்கு மனுக் கொடுப்பேன், பேப்பர்காரர்களைக் கூட்டிவருவேன் என்றாள். சாந்தாமணி மிசினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள்.

"அக்கா, ஊட்டுக்குப் போங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "நீங்க ஒருவாட்டி உண்மை பேசி நாங்க இங்க வந்து சேந்தோம். இதையும் மூடிப்போட்டா அடுத்து எங்கீங்க போறது?"

ஆஸ்பத்திரி வரைக்கும் மெர்சியின் கையைத் தூக்கிப் பிடித்து வந்தவள் அவள். அவள் கையில் போட்டிருந்த கட்டு ரத்தத்தில் ஊறியிருந்தது. மாற்றிக் கட்டிவிடட்டுமா என்று மெர்சி கேட்டாள். வேண்டாமென்று சொல்லிவிட்டுச் சாந்தாமணி போய் மிசினில் உட்கார்ந்தாள்.

மெர்சி கலெக்டருக்கு மனுப் போட்டாள்; ஆல்வின்தான் எழுதினான். அதற்கும் பதில் வரவில்லை. மாநிலம் முழுக்க இப்படி எத்தனை கொட்டகைகள் என்று அவளுக்குத் தெரியாது. பிறகு அவள் கோயிலைக் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போனாள். சாந்தாமணி அவளோடு மறுபடி பேசவில்லை.